புகை என்பது எரியாத விறகு

அமெரிக்காவின் வட மாநிலங்களில், ஊருக்கு வெளியே தனித்தனியாக நிற்கும் வீடுகளின் பின்புறத்தில் ஒரு சிறு தகரக் கொட்டகையைப் பார்க்கலாம். மண்வெட்டி, கடப்பாரை போட்டு வைக்கும் அறை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அதன் கூரையில் ஒரு குட்டைப் புகைபோக்கி இருக்கும். முன்புறம் கனமான இரும்புக் கதவு இருக்கும். பக்கத்தில் ஆளுயரத்துக்கு விறகு அடுக்கியிருக்கும். கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற தொடர்பு எதுவும் கிடையாது. எனினும் அந்த வீட்டின் குளிர்காலம் முழுவதும் அந்தக் கொட்டகையை நம்பித்தான் கழிகிறது. அதுதான் வெளிப்புற விறகு பாய்லர்.

மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், நியூயார்க்கின் வடபகுதி, வெர்மான்ட், மெய்ன் ஆகிய இடங்களில் இவை அதிகம். வடக்கு மினசோட்டாவில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 25, 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது யாருக்கும் செய்தி அல்ல. நகரங்களுக்கு இயற்கை எரிவாயுக் குழாய் வருகிறது. கிராமப்புறத்துக்கு வருவதில்லை. அங்கே புரோப்பேன் வாயுவையோ எண்ணெயையோ லாரியில் வரவழைத்துத் தொட்டியில் நிரப்ப வேண்டும். விலை ஏறினால் தப்ப வழியில்லை. மறுபக்கம், வீட்டைச் சுற்றி சொந்தக் காடு. விழுந்த மரமும் வெட்டிய கிளையுமாக விறகு கிடக்கிறது. மினசோட்டாவின் வடகோடியில் உள்ள கிரீன்புஷ் என்ற சிற்றூரில் 1984இல் தொடங்கிய சென்ட்ரல் பாய்லர் போன்ற நிறுவனங்கள் வளர்ந்தது இந்தத் தேவையின் மேல்தான்.

விறகை வீட்டுக்குள்ளேயே அடுப்பில் எரிக்கலாமே, வெளியே எதற்கு? காரணங்கள் எளியவை. உள்ளே எரித்தால் மரப்பட்டையும் சாம்பலும் பூச்சியும் கூடத்துக்கே வரும். கார்பன் மோனாக்சைடு கசியும் ஆபத்து உண்டு. புகைபோக்கிக்குள் படிந்த தார் தீப்பிடித்தால் மர வீடு முழுவதும் எரியும். நெருப்பை வெளியே நிறுத்திவிட்டால் இவை அத்தனையும் வெளியிலேயே நின்றுவிடும். வீட்டுக்குள் வருவது சுடுநீர் மட்டுமே.

தண்ணீர் சுமக்கும் வெப்பம்

நம் பழைய வீடுகளின் குளியலறையில் இருந்த செப்பு பாய்லரை நினைவிருக்கிறவர்களுக்கு இதன் அமைப்பை விளக்க வேண்டியதே இல்லை. நடுவே கரியும் சிராய்த்தூளும் எரியும் குழல், அதைச் சுற்றித் தண்ணீர். வெளிப்புற பாய்லரும் அதே தத்துவம்தான்; அளவுதான் வேறு. ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய இரும்பு எரிஅறை. அதைச் சுற்றி நான்கு புறமும் 400 முதல் 1,500 லிட்டர் வரை தண்ணீர். அதற்கு மேல் தடித்த வெப்பக்காப்பு. எல்லாவற்றையும் மூடித் தகரம்.

தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. ஒரு சிறு பம்ப் அதை மண்ணுக்கடியில் புதைத்த இரட்டைக் குழாய் வழியே வீட்டுக்குள் தள்ளுகிறது. அங்கே வெப்பப் பரிமாற்றியின் மெல்லிய தகடுகளில் வெப்பத்தை இறக்கிவிட்டு, ஆறிய நீர் திரும்பி வருகிறது. வீட்டின் காற்றுக் குழாய்களுக்கோ, தரைக்கடியில் ஓடும் வெந்நீர்ச் சுருள்களுக்கோ, குளியலறைக் குழாய்க்கோ அந்த வெப்பம் போய்ச் சேர்கிறது.

இந்த வேலைக்குத் தண்ணீரை மிஞ்ச எளிய பொருள் கிடையாது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறும்போது உள்வாங்கும் வெப்பம், அதே அளவு காற்று உள்வாங்குவதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிர் மிகுந்த இரவில் ஒரு வீட்டுக்கு 10 கிலோவாட் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 11 டிகிரி வித்தியாசம் இருந்தால், நிமிடத்துக்கு 13 லிட்டர் ஓடினால் போதும். விரல் தடிமன் குழாய் ஒன்று முழு வீட்டையும் சூடாக்கிவிடுகிறது.

இதுவரை எல்லாம் சரியாகவே இருக்கிறது. சிக்கல், எரிஅறைக்குள் இருக்கிறது.

நெருப்புக்குப் பொறுமை இல்லை

விறகு எரிகிறது என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலில் விறகிலுள்ள ஈரம் ஆவியாகிறது. அது தீரும்வரை கட்டையின் அந்தப் பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அடுத்து, 200 டிகிரியைக் கடந்ததும் மரம் வெப்பத்தால் சிதையத் தொடங்குகிறது. செல்லுலோஸும் லிக்னினும் உடைந்து, எரியக்கூடிய வாயுக்களாகவும் தார் ஆவியாகவும் வெளியேறுகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் இப்படி வாயுவாகவே போகிறது. எஞ்சி நிற்பது கரி. அது தணலாகக் கனன்று எரிவது மூன்றாம் கட்டம்.

ஆக, நாம் காணும் சுடர் மரத்தின் சுடரே அல்ல. மரத்திலிருந்து கிளம்பிய வாயுவின் சுடர். விறகின் ஆற்றலில் பாதிக்கும் மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது. அது முழுதாக எரிய மூன்று நிபந்தனைகள் உண்டு: சுமார் 600 டிகிரிக்கு மேல் வெப்பம், போதிய காற்று, இரண்டும் நன்றாகக் கலக்க நேரமும் இடமும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமலே புகைபோக்கி வழியே போய்விடும். அப்படிப் போவதைத்தான் புகை என்கிறோம். காசு கொடுத்தோ உடம்பை வருத்தியோ சேர்த்த எரிபொருள், பயன்படாமல் காற்றில் கலக்கிறது.

இப்போது பழைய வகை வெளிப்புற பாய்லரின் எரிஅறையைக் கவனியுங்கள். சுவருக்குப் பின்னால் 80 டிகிரித் தண்ணீர். தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு, அதைவிட அதிகம் சூடாக முடியாது. 600 டிகிரி கேட்கும் வாயுவை எல்லாப் பக்கமும் குளிர்ந்த சுவர் சூழ்ந்திருக்கிறது. வெப்பத்தை வாங்குவதற்காக வைத்த தண்ணீரே சுடரை அணைக்கவும் செய்கிறது.

இதைவிடப் பெரிய தொல்லை நேரம் சார்ந்தது. நெருப்புக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்கு அவசரம் இல்லை. நன்கு எரியும் விறகு, தன் வெப்பம் முழுவதையும் இரண்டு மூன்று மணி நேரத்தில் கொட்டிவிட விரும்பும். வீடோ அதைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுகக் கேட்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை விறகு போட்டால் போதும் என்பதுதான் இந்த பாய்லரை வாங்குவோருக்குச் சொல்லப்படும் முதல் வசதி. அந்த வசதியை எப்படிச் சாதிக்கிறார்கள்? நெருப்பின் மூச்சை அடைத்து.

தண்ணீர் குறித்த வெப்பநிலையை எட்டியதும் தெர்மோஸ்டாட் காற்று வரும் மூடியைச் சாத்துகிறது. சுடர் அணைகிறது. ஆனால் சூடான தணலும் பாதி எரிந்த கட்டையும் உள்ளேயே கிடக்கின்றன. மரம் சிதைவது நிற்பதில்லை; வாயு கிளம்பிக்கொண்டே இருக்கிறது; அதை எரிக்கக் காற்றுதான் இல்லை. மணிக்கணக்கில் இப்படிப் புகைந்து கிடந்துவிட்டு, தண்ணீர் சில டிகிரி இறங்கியதும் மூடி மறுபடி திறக்கும். உள்ளே குவிந்திருந்த புகை குபுகுபுவென வெளியேறும். அக்டோபர், ஏப்ரல் போன்ற மிதமான குளிர் மாதங்களில் நாளின் பெரும்பகுதி இந்த மூச்சடைப்பிலேயே கழியும். கோடையில் குளிக்க வெந்நீருக்காக மட்டும் பாய்லரை ஓடவிடுபவர்களின் நிலை இன்னும் மோசம். பழைய பாய்லர்கள் பலவற்றில் விறகின் ஆற்றலில் பாதியோ, அதற்கும் குறைவோதான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஈரம் செய்யும் இரட்டைக் கேடு

அன்று வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீராக இருக்கலாம். எரிக்கத் தகுந்த விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. எரிஅறை பெரியது, எதைப் போட்டாலும் எரிந்துவிடும் என்ற எண்ணத்தில் பச்சை விறகை அள்ளிப் போடுபவர்கள் அங்கே ஏராளம்.

ஈரத்தை ஆவியாக்கவே வெப்பம் வீணாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. ஒரு கிலோ உலர் மரத்தில் சுமார் 18.5 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதனுடன் ஒரு கிலோ தண்ணீரும் சேர்ந்திருந்தால், அந்தத் தண்ணீரைக் கொதிநிலைக்கு ஏற்றி ஆவியாக்க ஏறத்தாழ 2.7 மெகாஜூல் போகும். அது பனியாக உறைந்திருந்தால் உருக்குவதற்கு இன்னும் 0.33 மெகாஜூல். கூட்டினால் ஆறில் ஒரு பங்கு. இழப்புதான், ஆனால் பாய்லரையே குற்றவாளியாக்கும் அளவுக்குப் பெரிய இழப்பு அல்ல. உண்மையான கேடு அடுத்து வருகிறது. நீராவி எரிஅறையின் வெப்பநிலையை இழுத்துப் பிடிக்கிறது. வாயுக்கள் 600 டிகிரியை எட்டுவதில்லை. எட்டாத வாயு எரியாமலே போகிறது. ஈரம் நேராகத் திருடுவது ஆறில் ஒரு பங்கு. புகையாக மறைமுகமாகத் திருடுவது அதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

எனவே பாய்லர் பராமரிப்பு என்பது பாய்லரிலிருந்து தொடங்குவதே இல்லை. விறகு அடுக்கிலிருந்து தொடங்குகிறது. கட்டையின் பட்டை தண்ணீரை வெளியே விடாது. பிளந்தால்தான் விரைந்து காயும். பிளந்த விறகைத் தரையில் படாமல் கட்டைகளின் மேல் அடுக்கி, தலைப்பகுதியை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். முழுவதையும் தார்ப்பாயால் போர்த்தினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். பைன் போன்ற மென்மரம் ஒரு கோடையில் காய்ந்துவிடும். ஓக் இரண்டு கோடை கேட்கும். அடுத்த குளிர்காலத்துக்கு வேண்டிய விறகை இந்தக் குளிர்காலத்திலேயே வெட்டி வைப்பவர்தான் அங்கே கெட்டிக்காரர். சந்தேகம் இருந்தால் ஈரமானி என்ற சிறு கருவி உண்டு. அதன் ஊசிகளைக் கட்டையின் காய்ந்த முனையில் குத்தினால் பொய் சொல்லும். புதிதாகப் பிளந்த உள்முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும்.

எந்த விறகு என்பதிலும் ஒரு பூச்சியின் கதை கலந்திருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த மரகத நிற வண்டு ஒன்று 2002இல் மிச்சிகனில், டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் மரத்தின் பட்டைக்கடியில் துளைத்து மரத்தையே கொன்றுவிடும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. ஆஷ், நல்ல விறகு. பச்சையாக இருக்கும்போதே மற்ற மரங்களைவிட ஈரம் குறைவு. பட்ட மரங்கள் பாய்லருக்கு வருவதில் தவறில்லை. ஆனால் அந்த விறகை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனால் வண்டும் கூடவே போகும். அதனால்தான் நியூயார்க் மாநிலத்தில் வெப்பமூட்டிப் பூச்சி நீக்காத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகத் தடை. விறகு விளைந்த இடத்துக்கு அருகிலேயே எரிவது காட்டுக்கு நல்லது.

எரிக்கக் கூடாதவற்றின் பட்டியலும் உண்டு: குப்பை, பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை, மருந்தேற்றிய மரம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும். அது அக்கம்பக்கத்து நுரையீரலையும் கெடுக்கும், பாய்லரின் இரும்பையும் அரிக்கும். பழைய மருந்தேற்றிய மரங்களின் சாம்பலில் ஆர்செனிக் தங்கும்.

மூச்சடைக்காமல் வெப்பத்தைச் சேமிப்பது

நெருப்பின் வேகத்துக்கும் வீட்டின் தேவைக்கும் உள்ள இந்தப் பிணக்கைத் தீர்க்க இரண்டு வழிகள் கண்டிருக்கிறார்கள்.

முதல் வழி, சுடருக்குத் தனி வீடு கட்டிக் கொடுப்பது. வாயுவாக்கி எரிக்கும் பாய்லர்களில் அறைகள் இரண்டு. மேலறையில் விறகு சிதைந்து வாயுவாகிறது. மின்விசிறி அந்த வாயுவைக் கீழ்நோக்கித் தள்ளி, சுடுமண் போன்ற தீக்கல்லால் ஆன ஒரு துளை வழியே கீழறைக்குள் செலுத்துகிறது. அங்கே புதுக்காற்று கலக்கிறது. தீக்கல் அறையில் தண்ணீர்ச் சுவர் இல்லாததால் வெப்பம் 1,000 டிகிரியைத் தொடும். எல்லாம் எரிந்து முடிந்த பிறகுதான் அந்தச் சூடான வாயு, தண்ணீர் சூழ்ந்த குழாய்களுக்குள் நுழைகிறது. முதலில் எரி, பிறகு வெப்பத்தை வாங்கு என்ற ஒழுங்குதான் இதன் உயிர். நன்றாக ஓடும்போது புகைபோக்கியில் கானல் அலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் இந்த வகையில் ஈர விறகைப் போட்டுச் சமாளிக்க முடியாது. தீக்கல் அறை ஆறிவிட்டால் இதுவும் பழைய பாய்லரைப் போலவே புகையும்.

இரண்டாவது வழி, வெப்பத்தை விறகுக்குள் அடைத்து வைக்காமல் தண்ணீரில் சேர்த்து வைப்பது. பாய்லரில் இருக்கும் 1,000 லிட்டர் நீர் 20 டிகிரி ஆறும்போது 23 கிலோவாட்-மணி வெப்பம் தரும். 10 கிலோவாட் கேட்கும் வீட்டுக்கு அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். அதுவே 4,000 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, 40 டிகிரி ஆறும் வகையில் அமைத்தால் 186 கிலோவாட்-மணி. பதினெட்டு மணி நேரத்துக்குப் போதும். நெருப்பு தன் போக்கில் முழு மூச்சில் எரிந்து முடியலாம். வீடு தன் போக்கில் மெல்ல எடுத்துக்கொள்ளலாம். ஸ்வீடனிலும் ஆஸ்திரியாவிலும் விறகு பாய்லருடன் இப்படித் தொட்டி வைப்பது பழகிப்போன வழக்கம். ஜெர்மனியில் அது சட்டமே: கையால் விறகு போடும் பாய்லர் என்றால், அதன் திறனில் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் குறைந்தது 55 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும்.

தொட்டி இல்லாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எரிஅறையை எப்போதும் வாய்வரை நிரப்பாமல், அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே போடுவது. வாங்கும்போதும் பெரிதே நல்லது என்று நினைப்பது தவறு. தேவைக்கு மிஞ்சிய பாய்லர், ஆயுளின் பெரும்பகுதியை மூச்சடைத்தே கழிக்கும்.

கதவைத் திறக்கும் முறை

மூச்சடைத்துக் கிடக்கும் எரிஅறைக்குள் எரியாத வாயு நிரம்பியிருக்கும். கதவைச் சட்டென்று இழுத்துத் திறந்தால் காற்று பாயும். வாயு ஒரே நொடியில் பற்றி, சுடர் முகத்துக்கு நேராக வெளியே பாயும். புருவம் கருகியவர்கள் சொல்லக் கேட்கலாம். முறை இதுதான்: புகைபோக்கிக்கு நேர்வழி விடும் மூடி இருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். கதவைத் தாழ் நீக்கி விரற்கடை அளவு மட்டும் திறந்து, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, கால் நிமிடமாவது பொறுக்க வேண்டும். வாயு கலைந்த பிறகே முழுவதும் திறக்கலாம். தணலைக் கிளறிக் காற்றுத் துளைகளின் அடைப்பை நீக்கி, பிறகு விறகை வைக்கலாம். கனத்த கையுறையும் கண்ணாடியும் அலங்காரத்துக்கு அல்ல.

கதவின் விளிம்பில் வெப்பம் தாங்கும் கயிறு போன்ற கேஸ்கெட் உண்டு. அது தேய்ந்தால் மூடிய கதவின் வழியும் காற்று கசியும். தெர்மோஸ்டாட் எவ்வளவு மூடினாலும் நெருப்பு அடங்காது, தண்ணீர் கொதித்துவிடும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது எளிய சோதனை. தாள் வழுக்கி வந்தால் கதவை இறுக்கவோ கேஸ்கெட்டை மாற்றவோ வேண்டும்.

அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டையும் விறகையும் விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். சாம்பல் மேலே ஆறித் தெரிந்தாலும் உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

இரும்பைத் தின்னும் மூன்று

இந்த பாய்லர்களில் பெரும்பாலானவை அழுத்தம் இல்லாதவை. நீர்த்தொட்டியின் மேல் ஒரு திறப்பு வெளிக்காற்றை நோக்கி இருக்கும். தண்ணீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். மூடிய பாத்திரமானால் வெடிக்கும். திறந்திருப்பதால் அந்த அச்சம் இல்லை. அதனால் அந்தத் திறப்பை எக்காரணத்தாலும் அடைக்கக் கூடாது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு: திறந்த நீரில் ஆக்சிஜன் கரையும், இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே நீரில் நைட்ரைட் போன்ற துருத்தடுப்பு மருந்து கலக்கிறார்கள். அது இரும்பின் உட்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. மருந்தின் அளவு நாளடைவில் குறையும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நீரைச் சோதித்து மருந்தைச் சரிசெய்ய வேண்டும். நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். காரணத்தைத் தேடாமல் புதுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது, புது ஆக்சிஜனையும் உப்பையும் ஊற்றுவதற்குச் சமம்.

இரண்டாவது எதிரி கிரியோசோட் எனும் தார். எரியாத புகை, குளிர்ந்த சுவரில் படும்போது தாராகவும் அமிலம் கலந்த நீராகவும் ஒடுங்குகிறது. தார் தடித்தால் வெப்பம் தண்ணீருக்குப் போவது தடைபடும். அமிலம் இரும்பை அரிக்கும். புகைபோக்கியில் தார் தீப்பற்றினால் பாய்லருக்கே கேடு. வீட்டிலிருந்து திரும்பும் நீர் 60 டிகிரிக்குக் கீழே போகாமல் ஒரு கலப்பு வால்வு வைத்துப் பார்த்துக்கொண்டால் சுவர்கள் வியர்ப்பது குறையும். குளிர்காலத்தின் நடுவிலும் புகைபோக்கியையும் வெப்பப் பரிமாற்றிக் குழாய்களையும் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்வது அவசியம்.

மூன்றாவது எதிரி வேலை செய்வது கோடையில், யாரும் பார்க்காதபோது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும் உப்பு. வசந்தத்தில் நெருப்பை அணைத்துவிட்டு எரிஅறையை அப்படியே விட்டால், சாம்பல் ஈரம் கோத்து அரிக்கும் களிம்பாக இரும்பின் மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். எரியும்போது பிழைக்கிற பாய்லர் ஓய்வில் சாகிறது. ஆகவே பருவத்தின் கடைசி நாளில் சாம்பலையும் தாரையும் ஒட்டச் சுரண்டி, உள்சுவரில் லேசாக எண்ணெய் பூசி, மழை இறங்காமல் புகைபோக்கியை மூடி வைக்க வேண்டும். தண்ணீரை மட்டும் வடிக்கக் கூடாது. மருந்து கலந்த நீர் நிரம்பிய இரும்பைவிட, ஈரக்காற்று நிரம்பிய வெற்று இரும்புதான் வேகமாகத் துருப்பிடிக்கும்.

மண்ணுக்கடியிலும் மின்கம்பியிலும்

பாய்லரை எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும், வெப்பம் வீட்டுக்கு வரும் வழியிலேயே தொலையக்கூடும். மலிவான குழாயைச் சாதாரண உறைக்குள் விட்டுப் புதைத்தால், நிலத்தடி நீர் உறைக்குள் புகுந்து குழாயைச் சுற்றி நிற்கும். வெப்பம் முழுவதையும் மண் குடித்துவிடும். முற்றத்தில் எங்கும் பனி மூடியிருக்க, பாய்லரிலிருந்து வீடுவரை ஒரு நீளக் கோடு மட்டும் பனி உருகிப் புல் தெரிந்தால் நோய் எதுவென்று வேறு சோதனை வேண்டாம். நீர் புகாத மூடிய நுரைக் காப்புக்குள் வரும் குழாய் விலை அதிகம். ஆனால் தரையைத் தோண்டி மறுபடி புதைப்பதைவிட மலிவு.

பம்பும் காற்று மூடியும் மின்சாரத்தில் இயங்குபவை. பனிப்புயலில் மின்சாரம் போனால் மூடி தானாகச் சாத்திக்கொள்ளும், பம்ப் நிற்கும், வீடு ஆறத் தொடங்கும். யாரும் இல்லாத வீடென்றால் குழாயில் நீர் உறைந்து வெடிக்கும். சிறு ஜெனரேட்டரோ பேட்டரியோ வைத்திருப்பது இதற்காகத்தான். அடிக்கடி வெளியூர் செல்பவர்கள் உறைதடுப்பாக நஞ்சு குறைந்த புரோப்பிலீன் கிளைக்காலை நீரில் கலப்பார்கள்.

பக்கத்து வீட்டின் காற்று

வீட்டு அடுப்பின் புகை கூரைக்கு மேலே போய்விடும். வெளிப்புற பாய்லரின் புகைபோக்கியோ குட்டை, புகையும் குளிர்ந்தது. தெளிவான குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று, மேலே உள்ளதைவிடக் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்குள் வந்த புகை மேலெழ முடியாமல் பள்ளத்தாக்கிலேயே தேங்கும். அதிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை. ஆஸ்துமாக்காரர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அவை நேரடி ஆபத்து.

புகார்கள் பெருகியபோது சட்டங்கள் வந்தன. வெர்மான்ட் மாநிலம் 1997லேயே விதிகள் வகுத்தது. நியூயார்க் 2011இல், புதிதாக நிறுவும் பாய்லரின் புகைபோக்கி தரையிலிருந்து குறைந்தது 18 அடி உயரம் இருக்க வேண்டும், குடியிருப்பில் எல்லைக் கோட்டிலிருந்து 100 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்றது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல் விருப்பத் திட்டமாகத் தொடங்கி, 2015இல் நாடு முழுவதும் கட்டாய வரம்பு கொண்டுவந்தது: வீட்டுக்குச் சேரும் ஒவ்வொரு 10 லட்சம் பி.டி.யு. வெப்பத்துக்கும், அதாவது 293 கிலோவாட்-மணிக்கும், 0.32 பவுண்டுக்கு மேல் துகள் வெளிவரக் கூடாது. 2020இல் அது சோதனை முறையைப் பொறுத்து 0.10 அல்லது 0.15 பவுண்டாக இறுகியது. புகைந்து கிடக்கும் பழைய வடிவமைப்பு இந்த வரம்பைத் தொட முடியாது.

ஆனால் கூட்டாட்சி வரம்பு புதிதாக விற்கப்படுபவற்றுக்குத்தான். ஏற்கெனவே கொல்லையில் நிற்கும் பழைய பாய்லர்கள் நல்ல இரும்பால் செய்யப்பட்டவை. இன்னும் பல குளிர்காலம் எரியும். சான்றிதழ் பெற்ற புதிய பாய்லரும் ஆய்வகத்தில் காய்ந்த விறகோடு சோதிக்கப்பட்டதுதான். ஈரக் கட்டையைத் திணித்தால் சான்றிதழ் அதைக் காப்பாற்றாது. வாங்கிய பிறகு புகையைத் தீர்மானிப்பது உடைமையாளரின் கை: எவ்வளவு காய்ந்த விறகு, எவ்வளவு அளவு, எந்த மாதத்தில். மிதமான குளிரில் பாய்லரை அணைத்துவிட்டுச் சிறு மின்சார ஹீட்டரோடு சமாளிப்பவர், விறகையும் மிச்சப்படுத்துகிறார், அண்டை வீட்டாரின் காற்றையும் மிச்சப்படுத்துகிறார்.

இந்த இரண்டு மிச்சமும் ஒன்றுதான் என்பதே இந்த இயந்திரத்தின் நல்ல செய்தி. மற்ற பல எரிபொருள்களில் காற்றைச் சுத்தமாக்கச் செலவு செய்ய வேண்டும். இங்கே புகை குறைந்தால் விறகும் குறைகிறது, தாரும் குறைகிறது, துருவும் குறைகிறது. விறகு பாய்லர் வைத்திருப்பவர் தன் பராமரிப்பு சரியா என்று அறியக் கருவி எதையும் தேட வேண்டியதில்லை. விறகு போட்டு அரை மணி நேரம் கழித்துப் புகைபோக்கியின் வாயைப் பார்த்தால் போதும். அங்கே புகை தெரிந்தால் விறகையோ, காற்றையோ, போட்ட அளவையோ அன்றே திருத்த வேண்டும்.